முள்ளை நடுவில் நிறுத்தும் தராசு

மின்கட்டமைப்பு தடுமாறும் நொடியில், பேட்டரி இன்வெர்ட்டர் தான் எரிந்துபோகாமல் எப்படிக் கைகொடுக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2025 பிப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் இழந்ததை இங்கே நினைவுகூரலாம். பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டதே தொடக்கம் என்று அமைச்சர் அறிவித்தார். ஆனால் அந்த ஒரு பழுது தீவு முழுவதையும் வீழ்த்தியதற்குக் காரணம் வேறு. விடுமுறை நாளில் மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்ததால், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தம் சுழலும் கனத்தால் தாங்கும் பெரிய ஜெனரேட்டர்கள் அப்போது குறைவாகவே ஓடின.

அந்தக் கனத்தின் வேலையைப் பேட்டரி இன்வெர்ட்டரும் செய்யலாம். அதற்கு நொடியின் சிறு பகுதிக்குள் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். அருகில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் இன்வெர்ட்டருக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்விசைக் குறைகடத்திகள் ஏறத்தாழ 10 மைக்ரோநொடிதான் தாங்கும். ஆகவே ஓடும் மின்னோட்டத்தை அதைவிட விரைவாக அளக்கும் உணரி தேவை. சிறு மின்தடையில் ஓட்டி அளக்கலாம் என்றால், 0.5 மில்லிஓமில் 100 ஆம்பியர் ஓடும்போது 5 வாட் வெப்பமாக வீணாகும். அளக்கும் சுற்றும் உயர் மின்னழுத்தத்தோடு பிணைந்துவிடும். மின்மாற்றி வகை உணரியோ பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை அறியவே அறியாது.

இங்கேதான் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் வருகிறார். மெல்லிய தங்கத் தாளில் மின்னோட்டம் பாயும்போது அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருந்தால், பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றுவதை 1879-இல், மாணவராக இருந்தபோதே அவர் கண்டறிந்தார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டது அதற்கு 18 ஆண்டுகள் கழித்து. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்கு நிதி என்னும் விதி அன்று இருந்திருந்தால் இந்தத் தங்கத் தாள் ஆய்வகத்துக்குள் நுழைந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

கம்பியில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். ஹால் கண்ட விளைவால் அந்தப் புலத்தை உணரும் சிறு துண்டு ஒன்றை அருகில் வைத்தால், கம்பியைத் தொடாமலே மின்னோட்டத்தை அளக்கலாம். அந்த ஹால் துண்டிலும் குறை உண்டு: வெப்பம் ஏறினால் அதன் உணர்திறன் மாறும். அதைப் பொறியாளர்கள் வென்ற விதம் என்னை இன்றும் மகிழ்விக்கிறது. சுருள்வில் தராசில் வில் தளர்ந்தால் எடை பிசகும். இருதட்டுத் தராசிலோ முள் எடையைச் சொல்வதே இல்லை, நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் காட்டுகிறது, எடையைப் படிக்கற்கள் சொல்கின்றன. அவ்வாறே, மின்கம்பியைச் சூழ்ந்த காந்த வளையத்தின் இடைவெளியில் ஹால் துண்டை வைத்து, அதே வளையத்தில் 1000 சுற்றுள்ள சுருள் ஒன்றைச் சுற்றி, துண்டு காந்தப்புலமே இல்லை என்று சொல்லும்வரை சுருளில் எதிர்மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். கம்பியில் 100 ஆம்பியர் என்றால் சுருளில் 0.1 ஆம்பியர் போதும். அந்தச் சிறு மின்னோட்டமே படிக்கல். துண்டின் உணர்திறன் சற்றுத் தளர்ந்தாலும் சமநிலை மாறுவதில்லை. மின்னோட்டம் திடீரென்று எகிறும்போது அந்தச் சுருள் தானே மின்மாற்றியாக இயங்குவதால், ஹால் துண்டுக்காகக் காத்திராமல் 1 மைக்ரோநொடிக்குள் மாற்றம் தெரிந்துவிடுகிறது.

எஞ்சுவது சுழிப்பிழை, அதாவது மின்னோட்டமே இல்லாதபோதும் உணரி காட்டும் சிறு அளவு. பேட்டரியின் இருப்பை மின்னோட்டத்தைக் கூட்டிக்கூட்டிக் கணக்கிடும்போது 0.1 ஆம்பியர் பிழை ஒரு நாளில் 2.4 ஆம்பியர்-மணி ஆகிவிடும். பெரும் குறுக்குச்சுற்றுக்குப் பின் வளையத்தில் தங்கும் எச்சக் காந்தம், தட்டில் ஒட்டிய மண்போல இப்பிழையைக் கூட்டும். அதனால் சில உணரிகள், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும், படிப்படியாகக் குறையும் மாறுதிசை மின்னோட்டத்தைச் சுருளில் செலுத்தி, வளையத்தின் காந்தத்தை நீக்கிய பிறகே அளக்கத் தொடங்குகின்றன.