வெள்ளை பூத்தால் ஸ்பிரே கேனைத் திட்டாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, மாடல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் என் பட்டறைக்கு வந்தார். தேசிய சேவையில் இருப்பவர். கையில் ஒரு கேக் டப்பா. திறந்தால் உள்ளே டமியா நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல்: 1/24 அளவில் பீட்டில் கார், 1966 மாடல். தாத்தா ஓட்டிய காரின் மாதிரி என்பதால் தீபாவளிக்கு அவருக்குக் கொடுக்க ஆசைப்பட்டு, வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்து இரண்டு மாதமாகச் செய்திருக்கிறார். சன்னலைச் சுற்றி இழுத்த வெள்ளிக் கோடு தலைமுடி அளவுதான் இருக்கும், ஒரு இடத்தில்கூட பிசகவில்லை. ஆனால் கூரையிலும் முன் மூடியிலும் பால் சிந்திக் காய்ந்த மாதிரி வெள்ளை. கதவோரம் கிளியர், அதாவது பெயின்ட் மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு, வழிந்து ஒரு சொட்டு அப்படியே உறைந்து நின்றது.

“கேன் டூப்ளிகேட் போலக்கா. வெள்ளையா வந்துச்சு, சரி, மறையட்டும்னு மேல இன்னும் ரெண்டு கோட் அடிச்சேன்.”

இந்த மாதத்தில் இது நான்காவது. நான்கு பேரும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேன் மேல் தப்பில்லை. அந்த வெள்ளை, தண்ணீர். தம்பி அடித்தது லாக்கர் வகைக் கிளியர், அதிலுள்ள கரைப்பான் படுவேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பைச் சில்லென்று ஆக்கிவிடும். கையில் சானிடைசர் தேய்த்தால் குளிர்கிறதே, அதேதான். அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகக் காயாத படலத்தில் இறங்கி மாட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது. இப்போது அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் என்ன ஆகும்? அதே காற்று, அதே ஈரம். கனமாக அடிப்பதால் கரைப்பான் இன்னும் அதிகம், குளிர்ச்சியும் அதிகம். பழைய துளிகள் அடியில் சிறைப்பட, புதிய துளிகள் மேலே சேரும். மூன்றாவது கோட்டில் படலம் தன் எடை தாங்காமல் வழியும். மறைய வைக்க அடித்த கோட்தான் காரைக் கெடுத்தது, முதல் கோட் இல்லை. முதல் கோட்டோடு நிறுத்தியிருந்தால் அரை மணி நேர வேலையில் சரிசெய்து கொடுத்திருப்பேன்.

“மழையே இல்லையே, வானம் தெளிவாத்தானே இருந்துச்சு” என்பார்கள் அடுத்ததாக. நம் சிங்கப்பூரில் ஈரம் தெரிய மழை வேண்டியதில்லை. விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில், நடுப்பகலுக்குப் பின் 60 வரை இறங்கும். விடாமல் பெய்தால் 100-ஐத் தொடும். வேலை முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கும், வெயிலுக்கு முன் என்று அதிகாலையிலும் அடிக்கிறோம். இரண்டும் ஆகாத நேரங்கள். தீபாவளியில் தொடங்கிச் சீனப் புத்தாண்டு வரை என் மேசையில் இந்த வெள்ளைக் கேஸ்கள் குவிவதற்கும் காரணம் உண்டு. பரிசுக்கு நாள் குறித்துக்கொண்டு எல்லாரும் முடிக்கப் பார்ப்பது இப்போதுதான், இடிமழையும் அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் வருவதும் இப்போதுதான்.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று ஏர்கான். தம்பியின் கார் முழு மாலையும் படுக்கையறையில், 23 டிகிரியில் இருந்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துத் தாழ்வாரத்துக்குப் போய் அடித்திருக்கிறார். வெளியே 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் ஈரம் படியும். குளுகுளு எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அந்த மங்கல் காரின் மேலும் படிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறோம். காரின் மேல் கிளியரை அடித்து மூடிவிடுகிறோம்.

ஆகவே மாடலையும் கேனையும் இரண்டு மணி நேரம் முன்பே ஏர்கான் இல்லாத இடத்துக்கு எடுத்து வந்து வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், சில வெள்ளிதான். 70-க்கு மேல் காட்டினால் நான் லாக்கரைத் தொடவே மாட்டேன், வாடிக்கையாளர் எத்தனை முறை போன் செய்தாலும் சரி.

பளபளப்புக்குக் கனம் வேண்டும் என்பதும் தப்பு. பரப்பு சமமாக இருந்தாலே பளபளக்கும். முதல் இரண்டு பூச்சும் தூவினாற்போல், கார் இன்னும் மங்கலாகத் தெரியும்படி இருக்கட்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு கடைசியாக ஒன்றை மட்டும் சற்று ஈரமாக அடியுங்கள். டிக்கால் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டிய இடத்தில் இன்னும் கவனம்: டமியாவின் டிஎஸ்-13 போன்ற லாக்கர் கிளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டிக்கால் சுருங்கிவிடும். எனாமல் பெயின்ட் மேல் லாக்கர் வேண்டவே வேண்டாம். சன்னல் கண்ணாடிகளைக் கிளியர் காய்ந்த பிறகு மாட்டுங்கள், இல்லையென்றால் அவையும் மங்கிப்போகும்.

இனி நான் கோபப்பட்டே சொல்லும் விஷயம். தாழ்வாரத்தில் அடிக்காதீர்கள். அது பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கும் வழி. கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். சாயங்காலம் விளக்கேற்றியிருக்கும், ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும், சமையலறையில் அடுப்பு இருக்கும். “என்95 போட்டுத்தான் அடிக்கிறேன்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது துகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், காற்றை வெளியே தள்ளும் ஸ்பிரே பெட்டியும் வேண்டும்.

அதையும் மீறிய ஆபத்து, கார்ப் பட்டறைகளில் கெட்டிப்படுத்தியைக் கலந்து அடிக்கும் இரண்டு கலவைக் கிளியர். கண்ணாடி மாதிரி வரும், உண்மைதான். ஆனால் அதன் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வாசனையை வைத்து அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் துளியூண்டு பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியோடு அடிக்க வேண்டிய பொருளை வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அடிக்கலாமா? இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தும் நான் அதைத் தொட்டதில்லை. தயவுசெய்து நீங்களும் தொடாதீர்கள்.

சரி, வெள்ளை பூத்துவிட்டது, என்ன செய்யலாம்? முதலில் கையை எடுங்கள். ஒரு நாள் விடுங்கள். மழையில்லாத பிற்பகலாகப் பார்த்து, லெவலிங் தின்னர் என்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பானை ஏர்பிரஷில் (காற்றால் தூவும் சிறு கருவி) ஊற்றி மிக மெல்லிசாகத் தூவுங்கள். படலம் இளகும், மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறும், வெள்ளை கண்ணெதிரே கரையும். தம்பியின் காரில் கூரை அப்படித்தான் தெளிந்தது, அடியில் இருந்த நீலம் திரும்பி வந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை, காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முன் மூடி அவ்வளவு சுலபமாக வரவில்லை. மூன்று கோட் கனம் அங்கே. கதவோரச் சொட்டை 2000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், அதற்கு அடிவரை காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடி வைத்த டப்பாவைத் திறந்ததும் லாக்கர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. நேற்றும் திறந்து பார்த்தேன், வாசனை இருக்கிறது. தீபாவளிக்கு முடியாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போய்விட்டது. மெருகேற்றும் நாளில் மட்டும் தானே வந்து செய்யட்டுமா என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.