வயதான நாய் தட்டை விட்டு விலகினால்

போன ஐப்பசியில் ஓர் அம்மா தன் பொமரேனியனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்கு 13 வயது. "டாக்டர், இவனுக்கு நாக்கு நீண்டுபோச்சு. சிக்கன் சாதம் வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிடுறான். மேரி பிஸ்கட்டைப் பால்ல ஊறவெச்சா மட்டும் உள்ள இறங்குது. நாங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டோம்" என்றார். மூன்று வாரமாக இதே நிலை. அதற்குள் மூன்று கம்பெனி உணவு மாற்றியாயிற்று, ஆட்டு ஈரல் வாங்கிப் போட்டாயிற்று, பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினியும் போட்டாயிற்று.

மேலுதட்டை மெல்லத் தூக்கினேன். வலப்பக்கம் பின்னால் இருக்கும் பெரிய பல்லில் பழுப்புக் காரை அப்பிக் கிடந்தது. ஈறு ஒதுங்கி வேர் வெளியே தெரிந்தது. கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். நாய்க்கு அந்தப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழ் வரை போகிறது. வேரில் சீழ் கட்டினால் வீக்கமும் அங்கேதான் வரும். என் விரல் பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஊறிய பிஸ்கட்டை மெல்ல வேண்டியதில்லை, அதனால்தான் அது மட்டும் இறங்கியது. ரத்தம் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து, அந்தப் பல்லையும் ஆடிக்கொண்டிருந்த வேறு நான்கையும் எடுத்தோம். பத்தாம் நாள் தையலைப் பார்க்க வந்தபோது, காலையில் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு வந்திருந்தான்.

வாயில்லாத ஜீவன் மூன்று வாரமாக வலியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நமக்கு அது அடமாகத் தெரிந்தது. இருபது வருடமாகச் சாப்பிட்டுவந்த சோற்றை ஒரு பாட்டி திடீரென்று தள்ளிவைத்தால், உடம்புக்கு என்ன என்றுதானே முதலில் கேட்போம்? நாயிடமும் அதையே கேளுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

உணவை மாற்றுவதற்கு முன், ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து அது தட்டருகே என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆசையாக ஓடிவந்து, வாய் வைத்துவிட்டுப் பருக்கையைக் கீழே உதிர்த்தாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, கோளாறு வாயில் இருக்கலாம். தலையைக் குனியவே யோசித்தால் கழுத்தோ மூட்டோ வலிக்கலாம். வழுவழுப்பான டைல்ஸில் பின்னங்கால் விரிந்து சறுக்குவதால் நின்று சாப்பிட முடியாத லாப்ரடார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது நிற்கும் இடத்தில் ஒரு சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டு, கிண்ணத்தை மணைப்பலகை மேல் ஏற்றிவைத்ததும் அதில் சில அன்றைக்கே சாப்பிட்டிருக்கின்றன.

கிட்டே வந்து முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அது குமட்டல். வயதான நாயில் குமட்டல் என்றாலே எனக்கு முதலில் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும். சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு ரத்தத்தில் தேங்கி வயிற்றைப் புரட்டும், வாயில் புண் வைக்கும், மூச்சில் ஒரு நெடி அடிக்கும். சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறத் தொடங்கும். அதற்கு வெகுநாள் முன்பே வீட்டில் ஓர் அடையாளம் தெரியும்: தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், இரவில் எழுந்து சிறுநீர் போகும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது இயல்பல்ல. 10 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்து, ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஓரிரு மாதத்தில் சோறு மறுத்து, தண்ணீராகக் குடித்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கும். அது உயிரைக் குடிக்கும் நோய். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலும் மஞ்சள் பூத்திருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

"பசிச்சா தானா சாப்பிடும், விடு" என்ற யோசனை வயதான நாய்க்குப் பொருந்தாது. முழுதாக ஒரு நாள் எதுவும் தொடவில்லை என்றால் கூட்டி வாருங்கள். தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தியும் சேர்ந்திருக்கிறது என்றால் ஒரு நாள் வரைகூடக் காத்திருக்காதீர்கள். இன்சுலின் போடும் நாய் சாப்பிடாவிட்டால், வழக்கமான அளவைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிடாத வயிற்றில் இன்சுலின் போனால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

"பசிக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பரிசோதிக்காமல் எழுதமாட்டேன். பசியைத் தூண்டும் மருந்தும் குமட்டலை அடக்கும் மருந்தும் உண்டு, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு பசியை மட்டும் கிளப்பினால் அந்த ஜீவன் என்ன செய்யும்? வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் அவை கெடுக்கும்.

காரணம் தெரிந்து சிகிச்சை தொடங்கிய பிறகு, சாப்பிட வைப்பது வீட்டில் இருப்பவர் கையில்தான். வயதாக ஆக மோப்பம் மங்கும், மணம் தெரியாத சாப்பாட்டை நாய் சாப்பாடாகவே எண்ணாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், மணிக்கட்டில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்குச் சூடாக்கிக் குழைத்துக் கொடுங்கள். கோழி எலும்பைக் கொதிக்கவைத்து, எலும்பை முழுக்க வடிகட்டி, ஆறியதும் மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு அந்தச் சாறைச் சோற்றில் விடலாம். வெங்காயம், பூண்டு கண்டிப்பாக வேண்டாம், அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உப்பும் வேண்டாம். நேற்றைய குழம்பும் பிரியாணியும் இதனாலேயே கூடாது.

மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். சுற்றி நின்று கெஞ்ச வேண்டாம். மாத்திரையை முழுச் சாப்பாட்டில் கலக்காதீர்கள், ஒருமுறை கசந்தால் அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். வாயைப் பிளந்து சிரிஞ்சில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அப்படி ஊற்றியது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்த நாய்களுக்குச் சிகிச்சை பார்த்திருக்கிறேன்.

"ஏதோ கொஞ்சம் சாப்பிடுது" என்று ஆறுதலடையும்போது கணக்கையும் பாருங்கள். 10 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். நாலு மேரி பிஸ்கட் அதில் ஏறத்தாழ கால் பங்குதான். வாரம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள்.

குணப்படுத்த முடியாத புற்றுநோயோடு இருக்கும் நாய்க்கு நான் பத்தியத்தை வற்புறுத்துவதில்லை. இட்லி பிடிக்கும் என்றால் இட்லியே கொடுங்கள், கையால் ஊட்டுங்கள். வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து நான் தருகிறேன்.

கிளினிக்குக்கு வந்ததும் பயத்தில் பல நாய்கள் எங்கள் எதிரில் சாப்பிடுவதில்லை. அதனால் வரும்போது, தட்டருகே அது என்ன செய்கிறது என்பதைப் போனில் ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள். கொடுத்துவரும் மருந்துகளின் அட்டைகளையும், கடைசி இரண்டு நாளில் உள்ளே போனது எது, எவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்து எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.