கல்லச்சைக் கல்வெட்டு என்பது தவறு

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டுச் சாமியறையில் நெடுங்காலம் தொங்கிய இலட்சுமி படம் ஒன்று அண்மையில் ஊர்ப் பழம்பொருள்களின் காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த குறிப்பில் 'தொன்மையான கல்வெட்டு ஓவியம்' என்று எழுதியிருந்தார்கள். கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டெடுக்கும் படமாகிய லிதோகிராப் என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் காண்பது இது முதல் தடவையன்று. ஆனால் படம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பிய வீட்டுக்காரர் அந்தச் சொல்லை நம்பி, கல்லில் செதுக்கிய சிற்பி யாரென்று மாதக்கணக்கில் விசாரித்துத் திரிந்ததைக் கேட்டபின், எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிரேக்கத்தில் 'லிதோஸ்' என்றால் கல், 'கிராபெய்ன்' என்றால் எழுதுதல். 1796 அளவில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த அச்சுமுறைக்கு இப்பெயர் அமைந்தது. தமிழில் கல்லும் அச்சும் சேர்ந்து கல்லச்சு. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டித்தது, அவ்வளவே.

கல்வெட்டு என்போர், கிராபெய்ன் எழுத்தைக் குறிப்பதால் கல்லில் எழுதியது கல்வெட்டுத்தானே என்கிறார்கள். இவர்கள் வேரைப் பார்த்தார்களே தவிர, தொழிலைப் பார்க்கவில்லை. இந்த முறையில் கல்லை யாரும் வெட்டுவதில்லை. மட்டமாகத் தேய்த்த சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மைக்கோலால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள்; பிசினும் மென்மையான அமிலமும் பூசிப் பதப்படுத்தி, கல்லை நீரால் நனைத்து, மை உருளையை ஓட்டுவார்கள். கொழுப்புள்ள இடம் மையை ஏற்கும், நனைந்த இடம் மையைத் தள்ளும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒன்றே இங்கு உளியின் வேலையைச் செய்கிறது. மேலும், கல்வெட்டு அழியாதிருப்பதற்காக வெட்டப்படுவது. அச்சுக்கல்லையோ வேலை முடிந்ததும் தேய்த்து அழித்து, அடுத்த படத்துக்கு எடுப்பார்கள். 1803 ஒக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைக் குறித்துக் கற்சிலைமடுவில் நாட்டிய கல்லே கல்வெட்டு. அந்தக் கல்லை அறிந்த வன்னி மக்களிடம் ஒரு கடதாசிப் படத்தைக் காட்டி அதே சொல்லைச் சொல்வது எவ்வளவு பெரிய குழப்பம்! கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி எடுக்கும் படிக்குக்கூட மைப்படி என்ற தனிச்சொல் நம்மிடம் உண்டு.

'கல்வரைவு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரே கல்லிலிருந்து பல தாள்கள் எடுக்கப்படுவதை அது சொல்லவில்லை. 'தொன்மையான' என்பதையும் விட்டுவிட வேண்டும். இந்த அச்சுமுறையே 1796 இல்தான் தொடங்கியிருக்க, பழைய படம் என்றாலே போதும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, பொருளைக் கையில் எடுத்துப் பாராத மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது.

அந்த இலட்சுமியை நான் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். கன்னத்தின் நிழல், மணல் சிந்தியதுபோல ஒழுங்கற்ற புள்ளிகளால் ஆகியிருந்தது. பிற்கால இயந்திர அச்சாயின் புள்ளிகள் வரிசை பிடித்து நின்றிருக்கும். சேலைக்கரையில் சிவப்பு, கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நின்றது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வைத்து மாறிமாறி அச்சிடும்போது தாள் சற்று நகர்ந்தால் இப்படி ஆகும். செப்புத்தகட்டில் செதுக்கி எடுத்த படமாயின் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இருக்கும். இதில் அது இல்லை.

சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். பலர் சட்டத்துக்கு அளவாக ஓரத்தை வெட்டிவிடுவார்கள். நல்லவேளையாக இந்த வீட்டில் பின்பக்கம் மடித்திருந்தார்கள். மடிப்பில் ஆங்கில எழுத்தில் 'லிதோ' என்றும், சற்றுத் தள்ளி 'பம்பாய்' என்றும் இருந்தன. நடுவில் அச்சகத்தின் பெயர் இருந்த இடத்தைக் கறையான் தின்றுவிட்டது. இரவிவர்மாவின் அச்சகம் 1894 இல் பம்பாயில்தான் தொடங்கியது. ஆயினும் அந்நகரில் வேறு கல்லச்சகங்களும் இருந்தமையால், இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர் பெயரை ஒட்டிவிடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது அவர் அதே இலட்சுமியின் வேறு பிரதி, ஓரம் முழுதாக உள்ளதாக, முள்ளியவளைப் பக்கத்து வீடுகளில் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். குறிப்பை எழுதியவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: 'பழைய வண்ணக் கல்லச்சுப் படம், பம்பாய்' என்று மாற்றி எழுதுங்கள்.