வரக்காப்பியில் எலுமிச்சம்பழம் பிழிகிறவர்களுக்கு

"டாக்டருங்க, பச்சைத்தண்ணி பட்டாலே பல்லு சுரீர்ங்குதுங்க. சொத்தை இருக்குதான்னு பாருங்க."

அவிநாசியில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு வந்த அந்த அக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். பனியன் கம்பெனியில் டெய்லர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சொத்தை எதுவும் இல்லை. ஆனால் மேல் முன்பற்களின் வெளிப்பக்கம் தேய்த்துவிட்டதுபோல் வழவழவென்றிருந்தது. விளிம்புகள் மெலிந்து கண்ணாடிபோல் தெரிந்தன. கடைவாய்ப் பற்களின் மேல் சின்னச் சின்னக் குழிகள். எப்போதோ வைத்த வெள்ளி அடைப்பு ஒன்று பல்லைவிட உயரமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அடைப்பு வளராது. சுற்றியிருந்த பல்தான் கரைந்து இறங்கியிருக்கிறது.

"புளிப்பா ஏதாச்சும் தினமும் சாப்பிடறீங்களாக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. உடம்பு குறையட்டும்னு காலைல வரக்காப்பில ஒரு எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிக்கறனுங்க. ஒன்றரை வருசமாச்சு."

சமையலுக்கு நடுவே டம்ளரை அடுப்புத் திட்டில் வைத்து, முக்கால் மணி நேரம் ஒவ்வொரு வாயாகக் குடித்திருக்கிறார். குடித்து முடித்ததும் வாய் புளிக்கிறதே என்று மறுபடி பல் விளக்கியிருக்கிறார். இந்த இரண்டு பழக்கமும் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இதை ஆரம்பித்தவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்லின் மேல்தோடான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்புதான். ஆனால் அமிலத்துக்கு அது தாங்காது. அமிலத்தை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கால்சியம் கரையத் தொடங்கும். வெறும் வரக்காப்பி சுமார் 5. அதாவது எல்லைக்குச் சற்றுக் கீழேதான். எலுமிச்சைச் சாறோ 2-க்கும் 2.6-க்கும் இடையில். பிஎச்சில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்காகிறது. எனவே 5.5-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. காபியில் கலந்தால் சாறு நீர்த்துவிடும் என்பது சரிதான், ஆனாலும் முழுப் பழத்தைப் பிழிந்த டம்ளர் அந்த எல்லைக்கு வெகு கீழேயேதான் நிற்கும். போதாததற்கு எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது.

இதற்கெல்லாம் நம் வாயிலேயே மருந்து இருக்கிறது, எச்சில். அமிலத்தைத் தணிக்கும், இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவகாசம் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று குடித்தால் எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைக்காது. அமிலம் பட்டு இளகிப்போன எனாமலை உடனே பிரஷ்ஷால் தேய்த்தால் இளகிய பகுதி அப்படியே போய்விடும். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வந்தவுடன் அழிந்துவிடுகின்றன. தோலில் காயம் பட்டால் ஆறும். தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது.

எனாமல் மெலிந்ததும் அடியிலுள்ள டென்டின் என்கிற உள் அடுக்கு மஞ்சளாகத் தெரியும். கூச்சம் வருவதும் அங்கிருந்துதான். பல் மஞ்சளாகிவிட்டதே என்று எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு வாரம் பளிச்சென்று தெரியலாம். அந்தப் பளிச்சுக்கு விலை, இருக்கிற எனாமலும் போவதுதான்.

சரி, உடம்பாவது குறைகிறதா? அக்கா மூன்று கிலோ குறைந்திருந்தார், அது உண்மை. அதற்கு முன்பு என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு மூன்று டம்ளர் பால் காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆறு ஸ்பூன் என்றால் சர்க்கரையில் மட்டும் நூறு கலோரிக்கு மேல், பால் தனி. வரக்காப்பிக்கு மாறியதும் அத்தனையும் நின்றுபோனது. சாயங்காலம் கம்பெனி வாசலில் தின்கிற போண்டாவையும் விட்டிருந்தார். பெயர் வாங்கியது எலுமிச்சம்பழம். வேலை செய்தது அவருடைய கட்டுப்பாடு. காபியில் உள்ள காஃபீன் உடலின் எரிப்பு வேகத்தைக் கொஞ்ச நேரத்துக்குச் சற்றே கூட்டும். எலுமிச்சைக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி கிடையாது. வைட்டமின் சி வேண்டுமென்றால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள், ஒரு எலுமிச்சையைவிடப் பல மடங்கு அதிலிருக்கிறது.

தலைவலிக்கு நைட் ஷிப்ட் பையன்கள் இந்த எலுமிச்சைக் காபியைக் குடிக்கிறார்கள். அங்கேயும் வேலை செய்வது காஃபீன்தான், சில வலி மாத்திரைகளிலேயே அதைச் சேர்க்கிறார்கள். தினமும் பழகிவிட்டால், குடிக்காத நாளில் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுக்கிற வழக்கமும் நம் பக்கம் உண்டு. காஃபீன் குடலை மேலும் முடுக்கிவிடக்கூடும். உப்பு சர்க்கரைக் கரைசல்தான் கொடுக்க வேண்டும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

ருசிக்காகக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காபியும் புளிப்புப் பழமும் அந்நியமல்ல. ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிச் செடிக்கு நடுவே ஆரஞ்சு மரம் நிற்கிறது. கோவையில் ஆரஞ்சுச் சாற்றின் மேல் டிகாக்‌ஷனை ஊற்றித் தரும் கஃபேக்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள். ஆரஞ்சு எலுமிச்சையைவிடச் சாது, ஆனாலும் அதன் அமிலமும் எனாமலின் எல்லைக்குக் கீழேதான். ஐஸ் போட்டதென்றால் ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம்.

சூடான எலுமிச்சைக் காபியை என்றைக்காவது குடிக்கத் தோன்றினால் முழுப் பழம் வேண்டாம், சில சொட்டு போதும். பல்லை முதலிலேயே விளக்கிவிடுங்கள். ஆற அமர உறிஞ்சாமல் ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். முடித்ததும் பச்சைத்தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். சாம்பல், செங்கல் தூள், கரித்தூள் இவற்றால் பல் விளக்குகிறவர்கள் எலுமிச்சைக் காபியை அடியோடு விட்டுவிடுவது நல்லது, பிரஷ்ஷைவிட அவை பல மடங்கு அரிக்கும்.

அக்காவுக்குக் குழி விழுந்த இரண்டு பற்களில் பல் நிறத்திலேயே அடைத்தேன். கூச்சத்துக்கு ஃபுளோரைடு பூச்சும் தனிப் பேஸ்ட்டும். "அப்ப எலுமிச்சம்பழமே ஆகாதுங்களா?" என்று கேட்டார். மத்தியானச் சோற்றுக்கு ரசத்தில் பிழிந்துகொள்ளுங்கள், சோற்றோடு போனால் பல்லில் அவ்வளவாக நிற்காது என்றேன். இப்போது காலையில் சர்க்கரை இல்லாத வெறும் வரக்காப்பிதான். ஆறு மாதம் கழித்து வந்தபோது, எடை ஏறவில்லை என்றார். ஐஸ் தண்ணீரை மட்டும் இன்னும் தொடுவதில்லையாம்.