‘நிழல் செடி’ என்று ஒரு செடி கிடையாது

போன வாரம் போய்ப் பார்த்த வீட்டில், சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நான்கு அடி அகலச் சந்து. அங்கே மூன்றாவது முறையாகச் செடிகள் பட்டுப்போயிருந்தன. முதல் முறை பட்டதும் உரம் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை மண்ணையே மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் முறை தினமும் இரண்டு வேளை தண்ணீர். “நிழலில் வளரும் செடி என்று சொல்லித்தானே சார் கொடுத்தார்கள்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். மண்ணுக்குள் விரலை விட்டேன். இரண்டாம் கணு வரை சேறு. முகர்ந்தால் சாக்கடை வாடை. நிழலுக்கும் அந்தச் சாவுக்கும் அதிகத் தொடர்பு இல்லை. அவை தண்ணீரில் மூழ்கிச் செத்தவை.

இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதமே இல்லை என்பதால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன். நிழலை விரும்பும் செடி என்று நர்சரியில் சொல்வது பேச்சு வழக்கு. செடி நிழலை விரும்புவதில்லை, பொறுத்துக்கொள்கிறது. எவ்வளவு பொறுக்கும் என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கனகாம்பரம் காலை வெயில் இரண்டு மணி நேரம் விழுந்து, பிறகு நிழலாகும் இடத்தில் நன்றாகப் பூக்கும். அதே செடியை நாள் முழுக்க இருண்டிருக்கும் மூலையில் வையுங்கள், நீண்டு நீண்டு வளர்ந்து இலைதான் காட்டும். இரண்டு இடத்துக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: நிழல்.

நம்மை ஏமாற்றுவது நம் கண். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வானம் தெரியும் சுவர் நிழலில் அது 10,000 அளவுக்கு இறங்கும். அடர்ந்த மரத்தின் கீழே ஓரிரு ஆயிரம்கூட இருக்கலாம். விளக்கு எரியும் அறைக்குள் வெறும் 300, 400. கண்மணி சுருங்கி விரிந்து இவை எல்லாவற்றையும் ‘நல்ல வெளிச்சம்’ என்றே நமக்குச் சொல்லும். இலைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே “வெளிச்சமாகத்தான் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. நடுப்பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாகப் பிரிந்து நிழல் விழுந்தால் அது வெயில். கை என்று தெரிகிறது, ஆனால் ஓரம் கலங்கியிருக்கிறது என்றால் நடுத்தர நிழல். ஏதோ மங்கலாக ஒரு கறை, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் அடர்நிழல். தோராயமான சோதனைதான். ஆனாலும் படத்தைப் பார்த்துச் செடி வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

இதைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் செய்யுங்கள். வருடத்தில் இரண்டு முறையாவது செய்யுங்கள். சூரியனின் நண்பகல் இருப்பிடம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே 47 பாகை நகர்கிறது. ஒரு பருவத்தில் குளுகுளு என்றிருந்த மூலை இன்னொரு பருவத்தில் அடுப்பாகும். “ஆறு மாதம் நன்றாக இருந்தது, திடீரென்று கருகிவிட்டது” என்ற புகார்களில் பாதி இதுதான். மீதிப் பாதியில், நிழல்வலையின் கீழ் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே வெயில்படும் இடத்தில் வைத்திருப்பார்கள்.

சரி, எதை நடுவது? ஈரத்தைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு அடுத்தபடி தேர்வைத் தீர்மானிப்பது அதுதான். மரத்தடி பெரும்பாலும் வறண்ட நிழல். மழையை இலைகள் தாங்கிக்கொள்ளும், விழுந்த கொஞ்சத்தையும் வேர்கள் உறிஞ்சிவிடும். அங்கே மருள் வகைகள், ஆஸ்பிடிஸ்ட்ரா, லிரியோப்பி போன்றவை நிற்கும். பெரணிகளும் கலாத்தியாவும் பீஸ் லில்லியும் ஈரநிழலுக்கு உரியவை. வறண்ட மரத்தடியில் வைத்துவிட்டு இலை ஓரம் காய்கிறதே என்று கேட்காதீர்கள். ஓரளவு வெளிச்சம் வரும் ஈரமான இடமாக இருந்தால் உங்களுக்கு யோகம். கலேடியம், பிகோனியா, மஞ்சள், கச்சோலம் எல்லாம் வரும். ஹோஸ்டா படத்தை அனுப்பி “இது வேண்டும்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது குளிர்காலத்தில் உறங்கி எழும் செடி. குளிர்காலமே இல்லாத இடத்தில் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகும். உறைபனி விழும் ஊரில் இருப்பவர்கள் தாராளமாக வைக்கலாம்; நான் மேலே சொன்ன கலேடியம்தான் அவர்களுக்குச் சிக்கல்.

வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட இலைகள் இருண்ட மூலையை எடுப்பாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது உணவு தயாரிக்காது. ஆகவே அதே வகையின் முழுப்பச்சைச் செடியைவிட அதற்கு அதிக வெளிச்சம் வேண்டும். மிக இருண்ட இடத்துக்குக் கரும்பச்சைதான்.

தண்ணீர். வெயிலில் ஒரு நாளில் காயும் மண் நிழலில் நான்கைந்து நாள் காயாது. தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். அட்டவணை போட்டு ஊற்றாதீர்கள். வேரழுகல் வந்த செடியின் இலையும் வாடித்தான் தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதுதான் கடைசி அடி. உரமும் அப்படியே. வெளிச்சப் பற்றாக்குறைக்கு உரம் மருந்து அல்ல. பசியில்லாதவனுக்கு இலை நிறையப் பரிமாறுவது போல, மண்ணில் உப்பு சேர்ந்து வேர்முனை கருகும். வெளிச்சம் வேண்டுமானால் எதிர்ச்சுவருக்கு வெள்ளையடியுங்கள், மரத்தைத் தெரிந்தவரை வைத்துக் கவாத்து செய்யுங்கள். ஒரே தடவையில் கால்பங்குக் கிளைக்கு மேல் எடுக்க விடாதீர்கள்.

பல்லாண்டுச் செடி என்றால் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்று யார் சொல்லித்தந்தார்களோ! கலேடியமும் மஞ்சளும் கச்சோலமும் பருவம் முடிந்ததும் இலையை உதிர்த்துக் கிழங்குக்குள் ஒடுங்கிவிடும். செத்துவிட்டது என்று தோண்டி எறிந்தவர்கள் ஏராளம். சாகவில்லை, எழுப்பிவிடலாம் என்று தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுக வைத்தவர்கள் இன்னும் அதிகம். நட்ட இடத்தில் ஒரு குச்சி ஊன்றிப் பெயர் எழுதி வையுங்கள், மறுபடி முளை தெரியும்வரை சும்மா விடுங்கள். சும்மா விடுவதும் தோட்ட வேலைதான்.

மரத்தடியில் நடுபவர்களிடம் ஒரு மன்றாட்டு. மரத்தைச் சுற்றி மேடை கட்டி ஓர் அடி மண் கொட்டாதீர்கள். மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் மண் ஏறினால் மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது, சில வருடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மேடை கட்டியவர் பணம் வாங்கிப் போயிருப்பார். சின்னச் செடிகளாக வாங்கி, வேர்களுக்கு இடையே கைக்கரண்டியால் குழி எடுத்து நடுங்கள். இரண்டு, மூன்று அங்குலம் காய்ந்த சருகு மூடாக்கு போதும், அதுவும் அடிமரத்தைத் தொடாமல். சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு உரம் வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

வீட்டில் தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால், செடி வாங்கும் முன் இதைப் படியுங்கள். டைஃபன்பேக்கியா, கலேடியம், அலோகேசியா, அக்லோனிமா, பீஸ் லில்லி, மணி பிளான்ட் அனைத்தும் சேம்புக் குடும்பம். நிழலுக்கு என்று நாம் நடுவதில் முக்கால்வாசி இவைதான். இவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும். வாயைத் துடைத்துத் தண்ணீரால் கழுவுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருத்துவரிடம் கொண்டு போங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். குழந்தையோ செல்லப்பிராணியோ இருக்கும் வீட்டுக்கு நான் கலாத்தியா, ஆஸ்பிடிஸ்ட்ரா, பாஸ்டன் பெரணி மூன்றையும்தான் முதலில் சொல்வேன். ஆஸ்பராகஸ் ஃபெர்ன் என்று விற்பது பெரணியே அல்ல, செல்லப்பிராணிகளுக்கு ஆகாது.

வெறும் தரையை மூட வெடேலியா வைத்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கொத்து நீட்டினால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற கொடி அது. தரையை மூடும், பிறகு மற்ற எல்லாவற்றையும் மூடும்.

அந்தச் சந்துக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. சேறு காயும்வரை எந்தச் செடியும் நட வேண்டாம் என்றேன். வடிகால் சரிசெய்து, எதிர்ச்சுவருக்கு வெள்ளையடித்த பிறகு இரண்டே இரண்டு ஆஸ்பிடிஸ்ட்ரா, ஒரு பெரணி. ஒரு மாதம் அவை தாங்கினால் மற்றதைப் பேசலாம் என்றேன். நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. எப்போது உரம் போடலாம் என்று கேட்கிறார்.