எர்லி டிசிஷன்: கையெழுத்துக்கு முன் கணக்கு

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக உறுதி கொடுக்கும் முறைதான் எர்லி டிசிஷன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் அதைத் தெரிவு செய்ததும் ஓர் ஒப்பந்தப் படிவம் வரும். அதில் மாணவர், பெற்றோரில் ஒருவர், பள்ளியின் சார்பில் கவுன்சலர் என மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் கவுன்சலர் என்று தனியாக யாரும் இல்லாததால் பிரின்சிபாலோ வகுப்பாசிரியரோ போடுகிறார். “இடம் கொடுத்தால் சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன்” என்பதுதான் படிவத்தின் சாரம். அந்த மூன்று கையெழுத்தும் விழுவதற்கு முன்பே, ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று பெற்றோர் மறைக்கும் தொகையும் அதுவேதான்.

பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், பென்சில்வேனியா, டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்றவை எர்லி டிசிஷன் வைத்திருக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் இருப்பது வேறு முறை. அங்கே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டு இல்லை. இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் நிறைய. எர்லி டிசிஷனில் இடம் கிடைக்கும் விகிதம் கூடுதல் என்பதும் பாதி உண்மைதான். கல்லூரி அணிக்காக ஏற்கெனவே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம் இருக்கிறார்கள். அந்த விகிதத்தை அப்படியே உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கெடு பெரும்பாலும் நவம்பர் 1. பதில் டிசம்பர் நடுவில் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்கு வெளியிட்டால் நமக்கு மறுநாள் விடிகாலை 5.30.

“இடம் உண்டு” என்று வந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் இனிப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. உதவித்தொகை கேட்டிருந்தால், எவ்வளவு உதவி என்று சொல்லும் கடிதம் வந்த பிறகே மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். அவசரப்பட்டு அன்று காலையே எல்லாவற்றையும் ரத்து செய்துவிடாதீர்கள். கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். எடுத்துக்காட்டுக்கு, மொத்தச் செலவு 90,000 டாலர், மானியம் 55,000, வளாக வேலை 3,000 என்று இருந்தால் குடும்பம் கட்ட வேண்டியது 32,000. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 27 லட்சத்துக்கு மேல். வளாக வேலைப் பணம் பிள்ளை உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு அது கையில் இருக்காது. விமானச் செலவும் மருத்துவக் காப்பீடும் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தொகை கட்டுப்படியாகாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலக வழி உண்டு. உதவித்தொகை போதாமல் சேர இயலாது என்பதை ஏற்கும் காரணமாகவே கல்லூரிகள் வைத்திருக்கின்றன. முதலில் உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். முன்பணம் கட்டும் கெடு பல இடங்களில் ஜனவரித் தொடக்கத்திலேயே வந்துவிடும், ஆகவே அந்த நாளைத் தள்ளிவைக்கவும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். உதவித்தொகைக்காகக் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் நிரப்பும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தைச் சொத்து மதிப்பில் போட்டுவிடுகிறார்கள், அதை விற்க முடியாது என்று எங்கும் சொல்வதில்லை. தாத்தா பாட்டியின் மருந்துச் செலவும் தங்கையின் படிப்புச் செலவும் படிவத்தில் ஏறுவதே இல்லை. சிறப்புச் சூழ்நிலைக்கான பகுதியில் இவற்றைத் தொகையோடு எழுதி, ரசீதும் பத்திர நகலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்தால் அலுவலர் மறுபடி பார்க்க ஒரு பிடிப்பு கிடைக்கும். அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால், விடுவிக்கும்படி எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வழி உதவித்தொகை கேட்டவர்களுக்குத்தான். இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு “உதவித்தொகை தேவையில்லை” என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, டிசம்பரில் பணம் போதவில்லை என்றால் பேச இடமே இருக்காது. பல கல்லூரிகளில் அயல்நாட்டு மாணவர் சேரும்போது கேட்காத உதவியை நான்கு ஆண்டும் கேட்க முடியாது. ஒரு டிக் நான்கு ஆண்டுகளைக் கட்டிப்போடுகிறது. டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன், பிரவுன் ஆகியவை அயல்நாட்டு மாணவர்களின் பணத்தேவையைச் சேர்க்கை முடிவில் கணக்கில் கொள்வதில்லை. இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கட்டத்தில் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த பதில், தள்ளிவைப்பு. காத்திருப்போர் பட்டியலும் இதுவும் ஒன்றல்ல. விண்ணப்பம் வழக்கமான சுற்றோடு சேர்த்து மறுபடி படிக்கப்படும். முடிவு மார்ச் கடைசியில் வரும். தள்ளிவைத்த நொடியில் ஒப்பந்தக் கட்டும் அவிழ்ந்துவிடுகிறது. பிறகு அங்கே இடம் கிடைத்தாலும் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். இங்கே நம் பள்ளிகளின் டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குத் திடீரென மதிப்பு கூடுகிறது. கல்லூரி கேட்கும் நடு ஆண்டு மதிப்பெண் அறிக்கையில் போகப்போவது அந்த மார்க்தான். பொதுத்தேர்வுதானே முக்கியம் என்று அரையாண்டைக் கோட்டைவிட்டவர்களுக்கு இது அடி. ஜனவரியில் ஒரு பக்கத்துக்கு மிகாமல், ஆர்வம் தொடர்கிறது என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். நவம்பருக்குப் பிறகு புதிதாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். கூடுதல் சிபாரிசுக் கடிதம் வேண்டாம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் அனுப்பவே வேண்டாம்.

மறுப்பு வந்தால் அந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மேல்முறையீட்டில் நாளைக் கழிக்க வேண்டாம்.

ஏனென்றால் நாளே இல்லை. டிசம்பர் பதிலைப் பார்த்துவிட்டு மற்றக் கட்டுரைகளை எழுதலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் இந்த முறையில் நடக்கும் மிகப்பெரிய தவறு. வழக்கமான சுற்றின் கெடு பல இடங்களில் ஜனவரி முதல் வாரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கான கெடு டிசம்பர் பதில் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். இரண்டு வாரத்தில் எட்டுக் கல்லூரிக்கு எழுதும் கட்டுரைகளில் கல்லூரிப் பெயர் மாறி விழுவதும் நடக்கிறது. நவம்பர் 2 அன்றே மற்றவற்றைத் தொடங்குங்கள். கலிஃபோர்னியா வளாகங்களுக்கு மட்டும் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, ஜனவரிக் கெடு உள்ளவற்றை டிசம்பர் 10க்குள் முடித்து, சமர்ப்பிக்காமல் வைத்திருங்கள்.

தள்ளிவைக்கப்பட்டவர்களும் மறுக்கப்பட்டவர்களும் வேறொரு கல்லூரிக்கு எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்றில் போகலாம். வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்றவற்றில் இது உண்டு. கெடு ஜனவரித் தொடக்கம், பதில் பிப்ரவரி நடுவில். சிஎஸ்எஸ் ப்ரொஃபைலில் அந்தக் கல்லூரியின் பெயரைப் புதிதாகச் சேர்த்து அனுப்புங்கள். முதல் கல்லூரிக்கு அனுப்பிய படிவம் தானாக அங்கே போகாது.