ட்ரோன் ஓட்டிப் பிழைக்க எந்தச் சான்றிதழ் வேண்டும்?

என் சித்தப்பா மகன் போன வருடம் ஒரு ட்ரோன் வகுப்பில் சேர்ந்தான். மூன்று நாள் வகுப்பு. முடிவில் பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, கைகுலுக்கிப் படமும் எடுத்து அனுப்பினார்கள். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருக்கும் ஓர் உழவர் நிறுவனத்தில் அதைக் காட்டி வேலை கேட்டான். அங்கிருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல டிஜிசிஏ நம்பரே இல்லையேப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டிய பணம் வரவில்லை. மறுபடி கடன் வாங்கி முறையான பள்ளியில் சேர வேண்டியதாயிற்று. அவனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் ட்ரோன் பறக்கவிடுவதை இப்போது கட்டுப்படுத்துவது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். நடைமுறையைப் பார்த்துக்கொள்வது டிஜிசிஏ என்று எல்லாரும் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பேச்சில் நாம் 'ட்ரோன் லைசென்ஸ்' என்கிறோம். 2022 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் லைசென்ஸ் என்ற சொல்லே இல்லை. அதன் இடத்தில் இருப்பது ரிமோட் பைலட் சான்றிதழ், சுருக்கமாக ஆர்பிசி. பெயர் மட்டும் மாறவில்லை. முன்பு பள்ளியில் பயிற்சி முடித்தபின் டிஜிசிஏவிடமிருந்து உரிமம் வரக் காத்திருக்க வேண்டும். இப்போது டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியே பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, அரசின் இணையதளம் வழியாகச் சான்றிதழும் வழங்குகிறது. அந்தப் பள்ளிக்குப் பெயர் ஆர்பிடிஓ (RPTO), அதாவது ரிமோட் பைலட் பயிற்சி நிறுவனம். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த நான்கெழுத்து இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

யாருக்கு இது கட்டாயம்? அதை முடிவு செய்வது எடையும் நோக்கமும். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறிய வகை, 25 முதல் 150 வரை நடுத்தரம், அதற்கும் மேல் பெரியது. நானோ ஓட்ட ஆர்பிசி வேண்டாம். மைக்ரோவை வெறும் பொழுதுபோக்குக்காக ஓட்டினாலும் வேண்டாம். ஆனால் அதே மைக்ரோ ட்ரோனை வைத்துக் கல்யாணத்தைப் படம்பிடித்துக் காசு வாங்கினால் அது வணிகம், அப்போது ஆர்பிசி கட்டாயம். சிறிய வகையிலிருந்து மேலே போனால் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சான்றிதழ் இல்லாமல் ஓட்ட முடியாது.

இங்கே எடை என்பது காலி ட்ரோனின் எடை அல்ல. பேட்டரி, கேமரா, தொட்டியில் ஊற்றிய மருந்து எல்லாம் சேர்ந்த அதிகபட்ச எடை. மருந்தடிக்கிறவர்களுக்கு இது முக்கியம். 10 லிட்டர் தொட்டி உள்ள தெளிப்பு ட்ரோன்களில் பெரும்பாலானவை மொத்தம் 25 கிலோவுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை, அதனால் அவை சிறிய வகை. தொட்டி பெரிதாகி எடை 25-ஐத் தாண்டினால் அது நடுத்தர வகை. உங்கள் சான்றிதழில் எந்த வகை, எந்த எடைப் பிரிவு என்று எழுதியிருக்கும். சிறிய வகைக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு நடுத்தர ட்ரோனை ஓட்டக்கூடாது. ஆகவே வகுப்பில் சேரும் முன்பே, நாளைக்கு எந்த வேலைக்குப் போகப்போகிறோம், அங்கே என்ன எடை ட்ரோன் ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. வேலைக்குச் சேர்ந்தபின் இது தெரியவந்தால் இன்னொரு கட்டணம் கட்ட வேண்டிவரும்.

தகுதி எளிமையானது. வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். டிகிரி வேண்டாம், டிப்ளமோ வேண்டாம். சில வருடங்களுக்கு முன்வரை பாஸ்போர்ட் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற நிலை இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் அதிலேயே நின்றுபோனார்கள். 2023 செப்டம்பரில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்ற அரசு அடையாள, முகவரிச் சான்றுகளே போதும். பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி யாராவது தனியாகப் பணம் கேட்டால், இந்த வேலைக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். உடல்தகுதிக்கு மருத்துவர் சான்று ஒன்றைப் பல பள்ளிகள் கேட்கும், அது வேறு விஷயம்.

பயிற்சி எப்படி இருக்கும்?

சிறிய வகை ட்ரோனுக்குக் குறைந்தது ஐந்து நாள். வகுப்பறையில் விதிகள், வான்வெளி, காற்றும் வானிலையும், பேட்டரியைக் கையாள்வது, சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் சொல்லித் தருவார்கள். பிறகு கணினியில் சிமுலேட்டர். அப்புறம் மைதானத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, நிஜ ட்ரோன். என் தம்பி சொன்னது: சிமுலேட்டரை அலட்சியமாக நினைத்தவர்கள்தான் மைதானத்தில் தடுமாறினார்களாம். ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிடும். விரலுக்கு அது பழக மணிக்கணக்கில் சிமுலேட்டரில் உட்கார வேண்டும். கடைசியில் எழுத்துத் தேர்வும் பறக்கவிடும் தேர்வும் உண்டு. முழு நேரமும் வகுப்பறையில் வீடியோ போட்டுக்காட்டி, பத்து நிமிடம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் கொடுத்து அனுப்பும் இடம் எதுவானாலும் அது பயிற்சி ஆகாது.

சான்றிதழுக்கு அரசு வாங்கும் கட்டணம் 100 ரூபாய். செலவு முழுக்கப் பயிற்சிக் கட்டணத்தில்தான். அதைப் பள்ளிகளே நிர்ணயிக்கின்றன, அதனால் இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் இருக்கும். கட்டும் முன் சாப்பாடு, தங்குமிடம், மறுதேர்வு எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். தமிழில் நடத்துவார்களா என்றும் கேளுங்கள். பத்தாம் வகுப்பு தமிழ்வழியில் படித்தவருக்கு அது சின்ன விஷயமில்லை.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளோடு அரசு சார்ந்த வழியும் இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வான்வெளி ஆய்வு மையம் ட்ரோன் துறையில் நெடுநாளாக இயங்குகிறது, பயிற்சியும் தருகிறது. மாநில அரசே தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் என்று ஒரு நிறுவனத்தை 2022-ல் தொடங்கியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்கள் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தாட்கோ ட்ரோன் பயிற்சிக்கு ஆள் எடுத்து, செலவையும் ஏற்றிருக்கிறது. அறிவிப்பு வரும்போது மட்டும்தான் விண்ணப்பம் வாங்குவார்கள் என்பதால் மாவட்ட மேலாளர் அலுவலகத்தோடு தொடர்பில் இருப்பது நல்லது. இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கென்று மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டம் இருக்கிறது. 2023-ல் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அனுமதிக்கப்பட்டது. நாடு முழுக்க 15,000 குழுக்களுக்கு விவசாய ட்ரோன் தருவது இலக்கு. ட்ரோனும் துணைக்கருவிகளும் சேர்ந்த விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதிக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 3 சதவீத வட்டிச் சலுகையோடு கடன் வாங்கலாம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. அதில் 5 நாள் பைலட் பயிற்சி, 10 நாள் உரமும் மருந்தும் தெளிப்பதற்கான பயிற்சி. பழுது பார்ப்பதில் ஆர்வமுள்ள இன்னோர் உறுப்பினரையோ குடும்பத்தில் ஒருவரையோ உதவியாளராகப் பயிற்றுவிக்கவும் திட்டத்தில் இடம் உண்டு. 2025-26 வரையிலான திட்டம் என்பதால், ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்பில் இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தனியாக ட்ரோன் வாங்க நினைக்கும் விவசாயிக்கு வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம். மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம். வேளாண் பட்டதாரி விவசாயக் கருவிகளை வாடகைக்கு விடும் மையம் தொடங்கினால் அவருக்கும் 50 சதவீதம். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சான்றிதழ் வந்துவிட்டது, ட்ரோன்?

டிரைவிங் லைசென்ஸ் கையில் இருந்தாலும் ஆர்சி புத்தகம் இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது இல்லையா? அதே கதைதான். ஒவ்வொரு ட்ரோனுக்கும் யுஐஎன் எனப்படும் தனிப் பதிவு எண் வேண்டும். நானோவுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. அந்த எண் கிடைக்க, நானோ தவிர மற்றவற்றில், அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் வகைச் சான்று (அந்த மாடல் தரத்துக்கு உட்பட்டது என்று டிஜிசிஏ தரும் சான்று) வாங்கியிருக்க வேண்டும். கல்யாண போட்டோகிராபர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளைத் தவிர, வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை. ஆனாலும் கடைகளிலும் இணையத்திலும் அவை கிடைக்கின்றன. வகைச் சான்று இல்லாத ஒன்றை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு ஆர்பிசியும் எடுத்துவிட்டு, யுஐஎன் எடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. ட்ரோன் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது அல்ல. இந்த மாடலுக்கு வகைச் சான்று இருக்கிறதா, யுஐஎன் எடுத்துத் தருவீர்களா என்பதே. அதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். மருந்து நிறைந்த தொட்டியோடு இருபது கிலோ எடை ஒருவர் தலைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால், விதி சொல்லாவிட்டாலும் காப்பீடு எடுக்கத் தோன்றும்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசு டிஜிட்டல் ஸ்கை என்ற இணையதளத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி எதுவும் கேட்க வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. மீனம்பாக்கத்தை ஒட்டிய பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆர்டர் வந்தால், முன்பணம் வாங்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். கல்பாக்கம் போன்ற இடங்களுக்கும் இதுவே.

போன வாரம் பச்சையாக இருந்தது என்று நம்பிப் போகக்கூடாது. தலைவர்கள் வருகை, கூட்டம் சேரும் திருவிழா போன்ற சமயங்களில் எஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி மூலம் 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதியில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அந்த வரைபடத்தைப் பார்ப்பது பைலட்டின் கடமை. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டு மாட்டினால் சங்கடம் அதிகம். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

ஆர்பிசி 10 ஆண்டுக்குச் செல்லும். இடையில் டிஜிசிஏ புத்தாக்கப் பயிற்சி எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கென்று தனிச் சட்டத்துக்கான வரைவு ஒன்றை மத்திய அரசு கருத்துக் கேட்டு வெளியிட்டது. அதனால் விதிகளில் மாற்றம் வந்திருக்கிறதா என்று அவ்வப்போது டிஜிசிஏ தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பணம் கட்டும் முன் டிஜிசிஏ தளத்தில் உள்ள ஆர்பிடிஓ பட்டியலைத் திறந்து, அந்தப் பள்ளியின் பெயரும் முகவரியும் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். ஒரு பள்ளிக்கு எந்த வகை ட்ரோனுக்கு அங்கீகாரம் என்பதையும் கவனியுங்கள். சில இடங்கள், "எங்களுக்கு டை-அப் இருக்கு, அங்கிருந்து சர்டிபிகேட் வந்துடும்" என்பார்கள். அப்படியானால் அந்தப் பள்ளியிலேயே நேரடியாகச் சேர்ந்துவிடலாமே. ஆர்பிசி விண்ணப்பம் முன்பு டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருந்தது, இப்போது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ (eGCA) தளத்துக்கு மாறியிருக்கிறது. அதில் உங்கள் சொந்த மொபைல் எண், சொந்த மெயிலில் கணக்கு தொடங்குங்கள். பள்ளிக்காரர் எண்ணைக் கொடுக்க விடாதீர்கள். முடிந்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கில் ஆர்பிசி எண் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கட்டுங்கள். இரண்டாவது முறை என் தம்பி அப்படித்தான் செய்தான்.